எழுத்தும் ஒலியும்: பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியும் மாலரின் திருத்தமும்

ஓவியன் ஒருவன் தீட்டிய ஓவியம் நூறாண்டு கழிந்த பின்னரும் சுவரில் தொங்குகின்றது. அதனைக் காண்பதற்கு இடையில் வேறொருவர் வேண்டியதில்லை. இசையாக்கத்தின் நிலை அத்தகையதன்று. மேலைத்தேய இசையாக்குநர் விட்டுச்செல்வது ஓர் ஏடு மட்டுமே. அவ்வேட்டிலுள்ள குறியீடுகளைப் பின்வந்த கலைஞர்கள் தங்கள் காலத்து வாத்தியங்களைக் கொண்டு, தங்கள் காலத்து மண்டபத்தில் ஒலியாக மாற்றினாலன்றி அவ்வாக்கம் கேட்போரைச் சென்றடைவதில்லை. வாத்தியங்களும் மண்டபங்களும் மாறிவிட்டவிடத்து, ஏட்டிலுள்ள எழுத்தைப் பேணுவதா, அன்றி ஆக்கியோன் கருதிய ஒலியைப் பேணுவதா என்ற வினா எழுகின்றது.

மேலைத்தேய இசை வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த சந்தர்ப்பங்களுள் ஒன்று 1900ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வியன்னா நகரில் ஏற்பட்டது. லுட்விக் வான் பீத்தோவனின் (1770–1827) ஒன்பதாம் சிம்பனியைக் குஸ்தாவ் மாலர் (1860–1911) தாம் திருத்தியமைத்த வாத்தியப் பங்கீட்டுடன் அங்கு அரங்கேற்றினார். அதனால் எழுந்த கண்டனத்தையும், அதற்கு மாலர் அளித்த விடையையும், அவ்விடையின் வலுவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாத்தியப் பங்கீடு என்பது யாது என்பதனை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. சிம்பனி என்பது பல வாத்தியங்கள் கூடிய பெரிய வாத்தியக்குழுவுக்கென எழுதப்படும், பெரும்பாலும் நான்கு பகுதிகளைக் கொண்ட, நெடிய இசையாக்கமாகும். இன்ன மெட்டை இன்ன வாத்தியம் இசைக்க வேண்டும், எத்தனை பேர் இசைக்க வேண்டும், எவ்வளவு உரத்து இசைக்க வேண்டும் என்று வகுத்தளிப்பதே வாத்தியப் பங்கீடு. மெட்டும் தாளமும் மாறாதிருப்பினும் பங்கீடு மாறுமாயின் ஒலியின் நிறமும் நிறையும் மாறிவிடும். ஆகவே ஒருவரது சிம்பனிக்கு மற்றொருவர் புதிய பங்கீடு செய்வது, பிறர் செய்யுளின் சொற்களை மாற்றுவதற்கு நிகராகாவிடினும், வெறும் அலங்காரமும் அன்று.

இத்தகைய முயற்சியை மாலர் தொடக்கி வைத்தார் எனக் கொள்ளுதல் தவறாகும். ஹன்டெல் 1742இல் டப்ளின் நகரில் அரங்கேற்றிய 'மெசையா' என்ற இசையாக்கத்துக்கு, 1789இல் வான் ஸ்வீற்றன் பிரபுவின் வேண்டுகோளின்படி மொசாட் புதிய காற்றுவாத்தியப் பகுதிகளை எழுதிச் சேர்த்தார். அக்காலத்தில் இது குற்றமாகக் கருதப்படவில்லை. பழைய ஆக்கத்தைப் புதிய இரசனைக்கேற்ப அணிசெய்தல் ஒரு மரியாதையாகவே கொள்ளப்பட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவுறும் வேளையில் நிலைமை மாறியிருந்தது. பீத்தோவன் இப்போது வெறும் இசையாக்குநர் அல்லர். ஜேர்மன் மொழி பேசும் உலகின் வணக்கத்துக்குரிய ஆசான். அவரது ஏடு ஏறக்குறைய மறைநூலின் தகுதியைப் பெற்றிருந்தது. அவரது ஆக்கங்களுள்ளும் ஒன்பதாம் சிம்பனி உச்சியில் வைத்துப் போற்றப்பட்டது.

அச்சிம்பனி 1824ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி வியன்னாவிலுள்ள கேர்ன்ட்னர்தோர் அரங்கில் முதன்முதலாக இசைக்கப்பட்டது. அதன் இறுதிப் பகுதியில், சிம்பனியின் வரலாற்றில் அதுகாறும் பெரும்பாலும் கண்டிராத வகையில், ஷில்லரின் கவிதையைப் பாடகர்கள் நால்வரும் பாடகர் குழுவும் பாடினர். அவ்வேளை பீத்தோவன் ஏறக்குறைய முற்றாகச் செவிப்புலனை இழந்திருந்தார். அவர் மேடையில் நின்றாராயினும், வாத்தியக்குழுவை உண்மையில் நெறிப்படுத்தியவர் மிகையேல் உம்லாவுஃப் என்பவராவர். அவையோரின் கரகோஷத்தைக் கேட்கமாட்டாது நின்ற ஆசானைப் பாடகி ஒருவர் அவையை நோக்கித் திருப்பிவிட்டார் என்ற செய்தி பலரும் அறிந்ததே.

இம்முதல் அரங்கேற்றம் பற்றிய மற்றொரு செய்தி அவ்வளவு பரவலாக அறியப்படாதது; ஆயின் நம் ஆய்வுக்கு அதனினும் இன்றியமையாதது. அன்று வயலின்கள் 24, வியோலாக்கள் 10, செலோவும் டபிள்பாசும் சேர்ந்து 12 என்றவாறு நரம்பு வாத்தியங்கள் அமைந்தன. ஏட்டின்படி புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற், பசூன் என்பன இவ்விரண்டாகவே இடம்பெற வேண்டும். எனினும் அன்று காற்றுவாத்தியங்கள் இரட்டிக்கப்பட்டன. அஃதாவது, ஏட்டில் எழுதப்பட்ட எண்ணிக்கையும் மேடையில் அமர்ந்தோர் எண்ணிக்கையும் முதல் நாளிலேயே வேறுபட்டிருந்தன. பெரிய நரம்பு வாத்தியக் குழுவின் நடுவே காற்றுவாத்தியங்களின் குரல் அமிழ்ந்துவிடலாகாது என்ற கவலை பீத்தோவன் காலத்திலேயே இருந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அடுத்து, பித்தளை வாத்தியங்களின் நிலையை நோக்குதல் வேண்டும். பீத்தோவன் காலத்து ஹோர்ன், ட்ரம்பெற் என்பன வால்வு இல்லாத நீண்ட குழாய்களே. அக்குழாயில் இயற்கையாகப் பிறக்கும் சுரங்களை மட்டுமே அவை எழுப்பவல்லன. கீழ்த்தாயியில் அச்சுரங்களுக்கிடையே பெரும் இடைவெளிகள் உண்டு. ஹோர்ன் இசைப்போர் குழாயின் வாயினுள் கையைச் செலுத்தி இடைச்சுரங்கள் சிலவற்றைப் பெற்றனராயினும் அவை மங்கிய ஒலியினவாகவே அமைந்தன. ட்ரம்பெற்றுக்கு அவ்வசதியும் இல்லை. வால்வுப் பொறிக்கு 1818இல் காப்புரிமை பெறப்பட்டபோதிலும் அது பரவலாக வழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. இதன் விளைவு யாதெனின், முழுக்குழுவும் உரத்து முழங்கும் இடங்களில் ட்ரம்பெற் தனக்குரிய சுரம் வரும்போது ஒலித்து, அல்லாதபோது மௌனமாகிவிடும். இறுதிப் பகுதியின் தொடக்கத்தில் வரும் ஆவேச முழக்கத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். அங்கு மெட்டைத் தாங்குவன மரக்காற்று வாத்தியங்களே. ஆனால் இடையிடையே பாய்ந்து வரும் ட்ரம்பெற் ஒலி அம்மெட்டை மறைத்துவிட, கேட்போர் செவிக்கு எட்டுவது துண்டுதுண்டான ஒலியேயாகும்.

இக்குறையை முதலில் விரிவாக எடுத்துரைத்தவர் ரிச்சார்ட் வாக்னர் (1813–1883). அவர் 1846இல் டிறெஸ்டன் நகரில் ஒன்பதாம் சிம்பனியை அரங்கேற்றினார். 1872ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி பைறொய்த் நகரில் தமது விழா அரங்குக்கு அடிக்கல் நாட்டியபோதும் இதனையே இசைப்பித்தார். அவ்வனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு 1873இல் இச்சிம்பனியை இசைக்கும் முறைபற்றிக் கட்டுரையொன்று வெளியிட்டார். இறுதிப் பகுதியின் முழக்கத்தில் ட்ரம்பெற்றுகள் மரக்காற்று வாத்தியங்களுடன் இணைந்து மெட்டைத் தொடர்ந்து இசைக்க வேண்டும் என்பதும், இரண்டாம் பகுதியில் நரம்பு வாத்தியங்களின் ஓயாத தாள முழக்கத்தில் மூழ்கிப்போகும் மரக்காற்று மெட்டுக்கு ஹோர்ன்கள் துணைநிற்க வேண்டும் என்பதும் அவர் கூறிய யோசனைகளுள் அடங்கும். ஆசானின் எழுத்து அவரது எண்ணத்தை வெளியிடத் தவறுமிடத்து எண்ணத்தையே பின்பற்றுதல் வேண்டும் என்பது வாக்னரின் நிலைப்பாடு எனலாம்.

இம்மரபிலேயே மாலர் வருகின்றார். பொஹீமியாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1897இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, அதே ஆண்டில் வியன்னா அரசவை இசைநாடக அரங்கின் பணிப்பாளரானார். 1898 தொடக்கம் 1901 வரை வியன்னா பில்ஹார்மோனிக் குழுவின் கச்சேரிகளையும் நெறிப்படுத்தினார். ஹம்பேர்க் நகரிற் பணியாற்றிய காலத்தில், 1895இலேயே அவர் ஒன்பதாம் சிம்பனியைத் தம் திருத்தங்களுடன் இசைத்திருந்தார். அப்போது இறுதிப் பகுதியிலுள்ள அணிநடைப் பகுதியை மேடைக்குப் புறத்தே வைத்த குழுவொன்று இசைக்குமாறும் செய்தார். வியன்னாவில் 1900 பெப்ரவரி 18ஆந் திகதி அவர் இச்சிம்பனியை அரங்கேற்றியபோது மரக்காற்று வாத்தியங்கள் இரட்டிக்கப்பட்டிருந்தன. ஏட்டிலுள்ள நான்கு ஹோர்ன்களுக்குப் பதிலாக எட்டு ஹோர்ன்கள் அமர்ந்தன. ட்ரம்பெற்றுகளும் கூட்டப்பட்டன. பித்தளை வாத்தியங்களின் இடைவெளிகள் நிரப்பப்பட்டன. இவற்றோடு, மெட்டு தெளிவுறும் வண்ணம் ஒலியளவுக் குறிகள் இடந்தோறும் மாற்றப்பட்டன.

அவையோர் ஆரவாரித்தனர்; பத்திரிகைகளோ கொதித்தெழுந்தன. ரிச்சார்ட் ஹொய்பேர்கர் போன்ற விமர்சகர்கள் பீத்தோவனின் ஏட்டில் கைவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என வாதிட்டனர். கண்டித்தோர் அனைவரும் ஒரே நோக்குடையோர் அல்லர். ஏட்டின் புனிதத்தை நேர்மையாகவே போற்றியோரும் அவர்களிடையே இருந்தனர். ஆயினும் அக்கால வியன்னாவின் அரசியற் சூழலை மறந்துவிடுதல் வரலாற்று நோக்காகாது. யூத எதிர்ப்பை அரசியல் ஆயுதமாக்கிய கார்ல் லூகர் 1897இல் நகர முதல்வராகப் பதவியேற்றிருந்தார். யூத எதிர்ப்புப் பத்திரிகைகள் மாலரை அவரது நியமனம் முதலாகவே தாக்கி வந்தன. 'ஜேர்மன் ஆசானின் செல்வத்தில் அந்நியன் கைவைக்கின்றான்' என்ற தொனி அவற்றில் ஒலித்தது. வாக்னர் செய்தபோது அறிவுரையாகத் தோன்றியது மாலர் செய்தபோது அபசாரமாகத் தோன்றியமைக்கு இது ஒரு காரணம் என்பதை மறுத்தல் அரிது.

பெப்ரவரி 22ஆந் திகதி சிம்பனி மீண்டும் இசைக்கப்பட்டவேளை, மாலர் அச்சிட்ட துண்டுப்பிரசுரமொன்றை அவையோரிடையே விநியோகிக்கச் செய்தார். இசைக்கலைஞர் ஒருவர் தம் விமர்சகருக்குக் கச்சேரி மண்டபத்திலேயே விடையிறுப்பது அருமையான நிகழ்ச்சியாகும். அதிலுள்ள வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, செவிப்புலனை இழந்த பீத்தோவன் ஒலியின் நடைமுறை உலகோடு கொண்டிருந்த நெருக்கமான தொடர்பையும் இழந்தார் என்பது. இரண்டாவது, அக்காலப் பித்தளை வாத்தியங்களின் குறைபாட்டினால் மெட்டுக்கு வேண்டிய சில சுரங்களை அவரால் எழுத இயலவில்லை என்பது. மூன்றாவது, நரம்பு வாத்தியங்களின் தொகை பெருகிவிட்டமையால், காற்றுவாத்தியங்களையும் அவ்விகிதத்திற் பெருக்குதல் கட்டாயமாகின்றது என்பது. தமக்கு முன் வாக்னர் காட்டிய வழியையும் அவர் நினைவூட்டினார். பீத்தோவனைத் திருத்தி எழுதுவதோ மேம்படுத்துவதோ தம் நோக்கமன்று என்றும், ஆசானின் விருப்பத்தை அதன் நுண்மைகள்வரை நிறைவேற்றுவதே தம் முயற்சி என்றும் அவர் வலியுறுத்தினார்.

இம்மூன்று வாதங்களும் ஒரே வலுவுடையன அல்ல. செவிப்புலன் பற்றிய வாதமே மிகவும் நலிந்தது. பீத்தோவன் தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய நரம்பு வாத்திய நால்வரிசைகளை நோக்குவோர், செவியிழந்த பின்னரும் அவரது உள்ளச்செவி விழித்திருந்தது என்பதை உணர்வர். மேலும், இவ்வாதத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்டோமாயின் அதற்கு எல்லையிடுதல் கடினம். நமக்கு விசித்திரமாகத் தோன்றும் எந்த இடத்தையும் 'செவிடர் எழுதியது' என்று கூறித் திருத்திவிட வழி பிறக்கும். ஆசானின் துணிவை அவரது ஊனமாகக் கணிக்கும் ஆபத்து இதில் உண்டு.

வாத்தியக் குறைபாடு பற்றிய வாதம் பாதியளவே செல்லும். பெறமுடியாத சுரத்தைப் பீத்தோவன் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் பெரும் கலைஞர்கள் தடையைத் தடையாக மட்டும் விட்டுவிடுவதில்லை; அதனையே கருவியாக்கிக் கொள்வர். ட்ரம்பெற் மௌனமாயிருந்து பின் திடீரென ஒலிக்கும் இடங்களில், அம்மௌனம் எவ்வளவுக்கு நிர்ப்பந்தத்தால் வந்தது, எவ்வளவுக்கு விருப்பத்தால் வந்தது என்று பிரித்துக் காணுதல் எளிதன்று. ஆதலால் சுரங்களை நிரப்பும் ஒவ்வோரிடத்தும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டுமேயன்றிப் பொதுவிதி வகுத்தல் பொருந்தாது.

விகிதம் பற்றிய மூன்றாவது வாதமே உறுதியானது. 1824ஆம் ஆண்டின் முதல் அரங்கேற்றமே அதற்குச் சான்று. ஏட்டில் இரண்டென்று எழுதியிருந்தும் அன்று காற்றுவாத்தியங்கள் இரட்டிக்கப்பட்டனவாயின், அதனினும் பெருகிய நரம்பு வாத்தியக் குழுவின் முன் அவற்றை இரண்டாகவே நிறுத்துதல் எழுத்துக்கு உண்மையாயிருந்து ஒலிக்குத் துரோகம் செய்வதாகும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இவ்வாதம் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு நியாயம் அளிக்கின்றதேயன்றி, சுரத்தை மாற்றுவதற்கு நியாயம் அளிக்கவில்லை. மாலர் தம் பிரசுரத்தில் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசியமை அவரது பலவீனம் எனலாம்.

திருத்துதல் என்றால் கூட்டுதல் என்று பொருள்கொண்டு மாலரை ஆரவாரப் பிரியராகக் காண்போரும் உளர். ஷூமனின் சிம்பனிகளில் அவர் செய்த திருத்தங்கள் இக்கருத்தை மறுக்கின்றன. ஷூமன் ஒரே மெட்டைப் பல வாத்தியங்களுக்கு ஒருங்கே கொடுத்துவிடுவதால் ஒலி தடித்துவிடுகின்றது என்பது பழைய குறைபாடு. மாலர் அங்குப் பெரும்பாலும் செய்தது கழித்தலே. மிகையான வாத்தியங்களை நீக்கி மெட்டுக்கு மூச்சுவிட இடமளித்தார். முதலாம் சிம்பனியின் தொடக்கத்தில் ஹோர்ன்களும் ட்ரம்பெற்றுகளும் எழுப்பும் அழைப்பொலி இதனினும் சுவையானது. ஷூமன் அதனை முதலிற் கீழான சுரங்களில் எழுதியிருந்தார். 1841இல் லைப்சிக் நகரில் முதல் அரங்கேற்றத்துக்கான ஒத்திகையின்போது அச்சுரங்களுட் சில வால்வில்லாத வாத்தியங்களில் மங்கி ஒலித்தமையால், அவர் முழு அழைப்பையும் உயர்த்தி எழுத நேர்ந்தது. வால்வு வாத்தியங்கள் நிலைபெற்ற காலத்தில் வாழ்ந்த மாலர் அதனை மீண்டும் கீழிறக்கினார். இங்கு அச்சேட்டுக்கு மாறாகச் சென்றவரே ஆக்கியோனின் முதல் எண்ணத்துக்கு அண்மையில் நிற்கின்றார்.

இதற்கு மறுதலையாக ருஷ்ய நாட்டிலிருந்து ஓர் உதாரணத்தை நோக்கலாம். முசோர்க்ஸ்கியின் 'பொரிஸ் கொடுனோவ்' இசைநாடகம் 1874இல் மேடையேறியது. அவர் இறந்த பின்னர், நண்பரான ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதன் வாத்தியப் பங்கீட்டை மட்டுமன்றி இசையினையும் ஒழுங்குபடுத்தி 1896இல் அரங்கேற்றினார். நண்பரின் ஆக்கம் மறக்கப்படாதிருக்க வேண்டும் என்ற அன்பே அவரைத் தூண்டியது. தம் திருத்தம் பயனற்றதென ஒருகாலத்திற் கருதப்படின் மூலத்துக்குத் திரும்பலாம் என்றும் அவர் கருதினார். ஆயினும் அவரது வடிவமே உலகெங்கும் பரவி மூலத்தின் இருக்கையைக் கைப்பற்றிக் கொண்டது. 1928இல் பாவெல் லாம் மூலத்தைப் பதிப்பித்த பின்னரும், அது மேடைகளில் உரிய இடத்தைப் பெறப் பல பத்தாண்டுகள் சென்றன.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையிலான வேறுபாடு சிந்திக்கத்தக்கது. மாலரின் பீத்தோவன் திருத்தங்கள் அவர் கையாண்ட ஏடுகளிலும் வாத்தியக்காரரின் தாள்களிலும் குறிக்கப்பட்டன. மூலத்துக்கு மாற்றாக அவற்றை அச்சேற்றி அவர் உலகில் உலாவவிடவில்லை. ஆகவே அவரது திருத்தம் உரையாசிரியர் ஒருவரின் உரைபோல் நின்றது. ரிம்ஸ்கி-கோர்சகோவின் திருத்தமோ மூலபாடமாகவே மாறிவிட்டது. உரை தவறாயின் உரையை விட்டு மூலத்துக்குச் செல்லலாம். மூலமே மறைந்துவிடின் செல்ல இடமில்லை.

இனி, மூலம் என்று நாம் கூறுவதும் அத்துணைத் தெளிவானதன்று. ஒன்பதாம் சிம்பனி 1826இல் மைன்ஸ் நகரின் ஷொட் நிறுவனத்தால் முதன்முதலாக அச்சிடப்பட்டது. பீத்தோவனின் கையெழுத்தேட்டுக்கும் எழுத்தர் படிகளுக்கும் அச்சேட்டுக்குமிடையே பாடபேதங்கள் பல உள்ளன. இவற்றை ஒப்புநோக்கி ஜொனதன் டெல் மார் தயாரித்த பதிப்பு 1996இலேயே வெளிவந்தது. 1900இல் 'ஆசானின் எழுத்து' என்று விமர்சகர்கள் காத்துநின்ற ஏட்டிலும் பிறர் கைப்பிழைகள் கலந்திருந்தன என்பது கவனித்தற்குரியது.

மாலர் தம் ஆக்கங்களையும் இதே அளவுகோலாலேயே அளந்தார். 1904இல் அரங்கேறிய தமது ஐந்தாம் சிம்பனியின் வாத்தியப் பங்கீட்டை இறக்கும்வரை திருத்திக்கொண்டேயிருந்தார். 1910இல் மியூனிச் நகரில் எட்டாம் சிம்பனிக்கான ஒத்திகைகள் நடந்தபோது, தாம் இறந்த பின்னர் ஏதேனும் சரியாக ஒலிக்காவிடின் அதனை மாற்றுமாறும், மாற்றுதல் உரிமை மட்டுமன்றிக் கடமையுமாகும் என்றும் அவர் கூறியதாக, அங்கிருந்த ஒட்டோ கிளெம்பரர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பிறர் ஏட்டில் தாம் எடுத்துக்கொண்ட உரிமையைத் தம் ஏட்டில் பிறருக்கும் வழங்கிய நேர்மை இது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பிரச்சினைக்கு வேறொரு தீர்வு தோன்றியது. பீத்தோவன் காலத்து வகை வாத்தியங்களையே மீண்டும் கையிலெடுத்து, சிறிய நரம்பு வாத்தியக் குழுவுடன் இசைக்கும் முறை பரவியது. ரோஜர் நொரிங்டன் 1987இல் செய்த ஒன்பதாம் சிம்பனியின் ஒலிப்பதிவு இதற்கு நல்ல உதாரணம். அதில் மரக்காற்று வாத்தியங்களின் குரல் பெரிதும் தெளிவாகக் கேட்கின்றது. இது மாலரைப் பொய்ப்பிக்கின்றதா? அன்று என்றே கூறவேண்டும். விகிதம் கெட்டுவிட்டது என்று அவர் கண்ட நோய் உண்மையானதே என்பதை இது உறுதிப்படுத்துகின்றது. மருந்து மட்டுமே வேறு. மாலர் காற்றுவாத்தியங்களைப் பெருக்கி விகிதத்தைச் சமன்செய்தார். பின்வந்தோர் நரம்பு வாத்தியங்களைக் குறைத்துச் சமன்செய்தனர்.

முடிவாக நோக்குமிடத்து, ஏட்டின் எழுத்தை ஒன்றும் மாற்றாது இசைப்பதே மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்ற எளிய கொள்கை நிலைக்கமாட்டாது என்பது தெளிவாகும். வாத்தியங்கள் மாறிய பின் எழுத்தை மாற்றாதிருத்தலும் ஒலியை மாற்றுதலேயாகும். அதே வேளை, ஆக்கியோனின் எண்ணத்தை அறிந்துவிட்டோம் என்று கூறி எதனையும் மாற்றிவிடலாம் என்ற கொள்கையும் ஆபத்தானதே. மாற்றுவோர் எதனை, ஏன் மாற்றினர் என்பதை அவையறியக் கூற வேண்டும். மூலத்தைப் பிறர் கைக்கு எட்டும்படி விட்டுவைக்க வேண்டும். தம் ஆக்கமும் அவ்வாறே சோதிக்கப்பட இசைய வேண்டும். 1900இல் வியன்னாவில் கண்டனத்துக்காளான மாலர், தம் வாதங்களுட் சில தளர்ந்தனவாயினும், இம்மூன்றையும் நிறைவேற்றினார். அவரது திருத்தங்களை இன்று இசைப்போர் சிலரே. ஆனால் அவர் அத்துண்டுப்பிரசுரத்தில் எதிர்கொண்ட வினாவுக்கு, பீத்தோவனின் ஏட்டைத் திறக்கும் ஒவ்வொரு நெறியாளரும் இன்றும் விடை கூறியே ஆகவேண்டியுள்ளது.